கோடு வரைக்கும் தண்ணீர்

அத்தியாயம் 6

பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் இறந்தவர் படுத்திருந்தார். மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு உடம்பு, கண்கள் திறந்தபடி. ஃப்ரிட்ஜின் மேல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைவர், இரங்கல் கூட்டத்தில் நிற்பதுபோல் ஒருமுறை செருமினார்.

"இவர்தானா?" என்று நிதானம் கேட்டார்.

"இவன்தான். நட்சத்திர மீன் ஒண்ணும் போயிடுச்சு. அது கரைஞ்சு போனதால எடுத்து வைக்க முடியலை."

டைப்பிஸ்ட் தன் நோட்டில் 'இறந்தவர்கள் இரண்டு, கிடைத்த உடல் ஒன்று' என்று எழுதிக்கொண்டாள்.

துப்பறிவாளருக்கு நிதானம் என்று பட்டப்பெயர் வந்த கதை நீளமானது. அவர் வாயால் கேட்டால் இன்னும் நீளும். தெருவைக் கடக்க மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தில் அவர் இடது பக்கம் மட்டும்தான் பார்த்து முடித்திருப்பார். டைப்பிஸ்ட் அவருடைய உதவியாளர். பதினேழு வருஷம் ஒரு வக்கீல் ஆபீசில் அடுத்தவர் சொல்லச் சொல்ல டைப் அடித்து, அலுத்துப்போய், போன வருஷம் இவரிடம் வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள்.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. குழாய்க்கடை முதலாளி. இந்தக் குடியிருப்பின் சங்கத்துக்குத் தலைவர். அதோடு நல்ல தமிழுக்கும் தானே தலைவர் என்று ஓர் எண்ணம். லிஃப்டில் இருந்த 'கதவை மூடவும்' அவர் கைபட்டு 'கதவினைச் சாத்துக' ஆகியிருந்ததை டைப்பிஸ்ட் மேலே வரும்போதே கவனித்திருந்தாள்.

"பெரிய விசாரணை எல்லாம் வேண்டாம்," என்றார் தலைவர். "குற்றவாளி வாசல்லதான் உக்கார்ந்திருக்கான். தொட்டிக்காரன். நானும் வீட்டுல இவளும் பன்னெண்டு நாள் வெளியூர் போயிருந்தோம். போறதுக்கு முந்தின நாள் தொட்டியைக் கழுவ வந்தவன், உப்பைக் கொட்டிட்டுப் போயிருக்கான். பழைய மீன் செத்தா புது மீன் விக்கலாம்ல. நீங்க ஆமான்னு ஒரு அறிக்கை கொடுங்க, போதும். அஞ்சு மணிக்கு சங்கத்து குரூப்புல சுற்றறிக்கை போடறேன். அப்புறம் இந்த காம்பவுண்டுக்குள்ள அவன் கால் வைக்க முடியாது."

"காம்பவுண்டுக்குள்ள அவருக்கு எத்தனை வீடு?" என்று டைப்பிஸ்ட் கேட்டாள்.

"முப்பத்தெட்டு வீட்டுல மீன் தொட்டி. எல்லாம் அவன் கைதான்."

"வெளியில?"

"வெளியில ஒண்ணுமில்ல."

மணி மூன்றரை. ஒரு மனிதனின் பிழைப்புக்கு ஒன்றரை மணி நேரம் பாக்கி என்று டைப்பிஸ்ட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நிதானம் அப்போதுதான் ஃப்ரிட்ஜ் கதவை மூடிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் தொட்டி சுவரோரமாக நீளமாக நின்றது. நாலடி கண்ணாடி, மேலே நீல விளக்கு, பக்கத்தில் குட்டி மின்விசிறி. உள்ளே கல்லிடுக்கில் மிச்சம் இருந்த இரண்டு ஆரஞ்சு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. பக்கவாட்டுக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒன்று கோடாக ஒட்டியிருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டி, மயிரிழை பிசகாமல் நின்றது.

தலைவரின் மனைவி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கியவர், முழங்கை வரை மடித்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அவர் தலைவரைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டியிடம் போய் மீன்களைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"அந்தக் கோடு எதுக்கு?" என்று நிதானம் கேட்டார்.

"தண்ணி நிக்க வேண்டிய அளவு சார். லைட்டு, விசிறி எல்லாம் ஓடுதுல்ல, அதுல தண்ணி ஆவியாப் போகும். இந்தத் தொட்டில ஒரு நாளைக்கு நாலு லிட்டர். ஆனா போறது வெறும் தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது, உள்ளயே தங்கிடும்."

"வந்த வீட்டோட தங்கிட்ட மச்சினன் மாதிரி," என்றாள் டைப்பிஸ்ட்.

அவள் முதுகுக்குப் பின்னால் டீத் தட்டு ஒன்று கலகலத்து நின்றது. தட்டைப் பிடித்திருந்தவர் தலைவர் மனைவியின் தம்பி. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்து மூன்று வருஷம் ஆகிறது என்று பிற்பாடு தெரிந்தது. டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டு டீயை எடுத்தாள். அவர் கோபப்படாமல் பிஸ்கட்டையும் நீட்டினார்.

"தண்ணி தானா வந்து நிரம்பற மாதிரி ஏதும் கிடையாதா?" என்றார் நிதானம்.

"மிதவை ஒண்ணு போட்டுக் குடுத்தேன் சார். தண்ணி இறங்கினா பக்கத்து கேன்ல இருந்து தானா இழுத்துக்கும். சார்தான் கழட்டச் சொல்லிட்டார்."

"குழாய் வெளியில தெரிஞ்சுது. கூடத்துக்கு அழகா இல்ல," என்றார் குழாய்க்கடை முதலாளி.

டைப்பிஸ்ட் எதையோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்து அடக்கிக்கொண்டாள்.

நிதானம் உப்பு பார்க்கும் கருவியைக் கேட்டார். தொட்டிக்காரர் வாளிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சின்ன தொலைநோக்கி மாதிரி ஒன்று. அதன் முகக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே எண் தெரியும். தொட்டித் தண்ணீரில் முப்பத்தைந்து காட்ட வேண்டும் என்றார் தொட்டிக்காரர். நிதானம் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாப்பத்திமூணு," என்றார் கடைசியில்.

"நான்தான் சொன்னேனே," என்றார் தலைவர்.

"கருவியே பொய் சொல்லலாம். இன்னும் ரெண்டு சொட்டு வேணும். இந்த வீட்டுல வேற என்னென்ன தண்ணி இருக்கு?"

பால்கனியில் இருந்தன. ஓரமாக ஒரு நீல டிரம், அதன் பக்கத்தில் மூன்று பெரிய கேன்கள். டிரம்மில் உப்புக் கலந்த தண்ணீர். மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றுவதற்குத் தொட்டிக்காரர் கலந்து வைப்பது. கேன்களில் வடிகட்டின வெறும் தண்ணீர். டிரம்மில் ஒரு லேபிள்: 'தொட்டிக்குரிய நீர்.' கேன்களில் இன்னொரு லேபிள்: 'உப்பிலா நீர்.' இரண்டும் வழவழப்பான அச்சு, தலைவரின் கடை அச்சு.

டிரம்மிலிருந்து ஒரு சொட்டு: முப்பத்தைந்து. கேன் ஒன்றின் மூடியைத் திருகினார்; சீல் 'டிக்' என்று உடைந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு: பூஜ்யம்.

"கருவி யோக்கியமானது," என்றார் நிதானம். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்து நாலு பக்கமும் கடித்துச் சதுரத்தை வட்டமாக்கத் தொடங்கினார். இது அவர் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம். டைப்பிஸ்டுக்குப் பொறுமை இல்லை. மணி நாலு அடிக்கப் போகிறது. வாசலோரம் நின்றிருந்த தொட்டிக்காரரின் சட்டைப் பையில் போன் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது; எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"சார், இப்போ அந்த கேன் சீல் உடைஞ்சுது," என்றாள் அவள்.

"உடைஞ்சுது."

"அப்போ இத்தனை நாளும் அது உடையவே இல்ல. மத்த ரெண்டும் இன்னும் சீலோடதான் இருக்கு. பன்னெண்டு நாள்ல நாப்பத்தெட்டு லிட்டர் ஆவியாப் போயிருக்கணும். தொட்டி கால்வாசி வத்திக் கிடக்கணும். ஆனா தண்ணி கோட்டுல வந்து நிக்குது. யாரோ தினமும் ஊத்தியிருக்காங்க. எதை ஊத்தினாங்க?"

நிதானம் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு டிரம்மின் மூடியைத் தூக்கினார். அறுபது லிட்டர் டிரம்மில் அடியில் ஒரு சாண் உயரம்தான் மிச்சம் இருந்தது.

"யாரும் உப்பைக் கொட்டலை," என்றார். "போனது வெறும் தண்ணி. அந்த இடத்துல தினமும் நாலு லிட்டர் உப்புத் தண்ணி வந்திருக்கு. பழைய உப்பு போகலை, மேல மேல புது உப்பும் சேர்ந்தா நாப்பத்திமூணு வராம என்ன செய்யும்? தொட்டிக்காரரே, இந்த பன்னெண்டு நாள்ல நீங்க வந்தீங்களா?"

"ரெண்டு தடவை வந்தேன் சார். தலைவர் ஊர்ல இல்லாதப்போ வெளியாள் யாரையும் காம்பவுண்டுக்குள்ள விடக் கூடாதுன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. பார்த்துட்டு மட்டும் போறேன்னு கெஞ்சினேன்."

தலைவரின் மூளை வேகமாக வேலை செய்தது. வேலைக்காரன் போனால் மச்சினன். அவர் திரும்பி ஒரு விரலை நீட்டினார். "டேய். நீதானே வீட்டுல இருந்தே?"

"நான்தான் அத்தான் ஊத்தினேன்," என்றார் மச்சினன். அவர் குரலில் ஒளிவுமறைவே இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு நாள் விடாம. போன்ல அலாரம் வெச்சு. முதல்ல காலைல மட்டும்தான் ஊத்தினேன், காலைன்னுதானே போட்டிருக்கு. அப்புறம் பாவம்னு சாயங்காலமும் ஊத்தினேன்."

"எங்க போட்டிருக்கு?" என்றார் நிதானம்.

தொட்டியின் பக்கத்துச் சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டம் மாட்டாத குறையாக ஒரு தாள் தொங்கியது. 'தொட்டி பேணல் விதிகள்' என்று தலைப்பு. மொத்தம் பத்து. நாலாவது விதியை மச்சினன் தொட்டுக் காட்டினார்: 'நீர்மட்டம் குறையுங்காலை, தொட்டிக்குரிய நீரைக் கோடு வரை வார்க்க.'

"தொட்டிக்குரிய நீர்னு இங்க போட்டிருக்கு. டிரம்முலயும் அதேதான் போட்டிருக்கு. கடல் மீனுக்கு உப்பில்லாத தண்ணிய எவனாவது ஊத்துவானா அத்தான்?"

இதில் தப்பு கண்டுபிடிக்க டைப்பிஸ்டால் முடியவில்லை. அவளாக இருந்தாலும் டிரம்மைத்தான் தூக்கியிருப்பாள்.

தலைவர் ஒரு கணம் தாளைப் பார்த்தார். மறுகணம் அவர் விரல் பழைய இடத்துக்கே திரும்பியது. "அந்த விதிகள் தொட்டிக்காரன் எழுதிக் கொடுத்தது. அதுல தப்பு இருந்தா அவன்தான் பொறுப்பு. கொலைன்னு சொல்லலை, கவனக்குறைவுன்னு மாத்திப் போட்டுக்கலாம். சுற்றறிக்கை ஒண்ணும் மாறாது."

"நான் இப்படி எழுதலை சார்," என்றார் தொட்டிக்காரர்.

"நீதானே சீட்டு கொடுத்தே?"

"கொடுத்தேன், ஆனா..."

"அவ்வளவுதான். கொடுத்தேன்னு அவனே சொல்றான், எழுதிக்குங்க."

தொட்டிக்காரர் வாயை மூடிக்கொண்டார். தலைவர் பேச்சை முப்பத்தெட்டு வீடும் கேட்கும். தன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நிதானம் டைப்பிஸ்டைப் பார்த்து, கண்ணால் தாளைக் காட்டினார். அவளுக்கு உடனே புரிந்தது. பதினேழு வருஷம் வக்கீல் ஆபீசில் அவள் சட்டம் எதுவும் கற்கவில்லை. ஒன்றே ஒன்று கற்றிருந்தாள்: தான் சொன்ன வாக்கியத்துக்கு அடியில் இன்னொருவன் பேர் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் ஆண்பிள்ளையை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

அவள் தாளின் முன்னால் போய் நின்று, கைகட்டிக்கொண்டு, மெதுவாக வாசித்தாள்.

"'நீர்மட்டம் குறையுங்காலை.' அடடா, குறையும்போதுன்னுகூட இல்ல. 'வார்க்க.' ஊத்தவும் இல்ல, ஊற்றவும் இல்ல, 'வார்க்க'. எத்தனை வருஷம் ஆச்சு சார் இப்படித் தமிழைப் பார்த்து." அவள் தொட்டிக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்குள்ள ஒரு புலவர் ஒளிஞ்சிருக்காருன்னு இந்த காம்பவுண்டுல யாருக்குமே தெரியாம போச்சே."

"அம்மா, நான் வந்து..."

நிதானம் தொட்டிக்காரரின் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"தன்னடக்கம் வேற," என்றாள் டைப்பிஸ்ட். "தலைவர் சார், சங்கத்து ஆண்டு மலருக்கு இவர்கிட்ட ஒரு கட்டுரை வாங்குங்க. இவர் நடைக்கு முன்னால மத்தவங்க எழுதறதெல்லாம் சும்மா. வாளி தூக்கறவர் கையில இப்படி ஒரு தமிழ்."

தலைவரின் காதுகள் சிவந்தன. அவர் சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இந்த ஏழாவது விதியைப் பாருங்களேன்," என்று ஆரம்பித்தாள் அவள். "'கரம் நனைத்தல் தவிர்க்க.' பெரிய பெரிய ஆளுங்களுக்கே இந்த சுருக்கம் வராது. இவருக்கு எப்படித்தான்..."

"அவனுக்கா?" என்று தலைவர் எழுந்துவிட்டார். "அவனுக்குச் சின்ன ர எது, பெரிய ற எதுன்னு தெரியாது. அவன் எழுதினதைப் பார்க்கறீங்களா?"

"பார்க்கலாமே," என்றார் நிதானம், மிக நிதானமாக.

தலைவர் தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பென்சில் எழுத்து, மேலே முழுக்கச் சிவப்பு மை. மூலையில் 'பத்துக்கு இரண்டு' என்று மதிப்பெண் வேறு. நாலாவது வரியை டைப்பிஸ்ட் உரக்கப் படித்தாள்.

"'தண்ணி கொறஞ்சா நல்ல தண்ணி ஊத்தனும். உப்பு தண்ணி ஊத்த கூடாது.'"

"பார்த்தீங்களா," என்றார் தலைவர், மூச்சு வாங்க. "நல்ல தண்ணியாம். கெட்ட தண்ணியை யாராவது ஊத்துவாங்களா? 'நல்ல'ங்கிறது மிகைச் சொல். அடிச்சேன். தொட்டிக்கு ஊத்தற நீர், தொட்டிக்குரிய நீர். அப்புறம் 'உப்பு தண்ணி கூடாது'ன்னு இன்னொரு வாட்டி. முதல் வாக்கியத்துலயே சொன்னதைத் திரும்பச் சொல்றான். கூறியது கூறல். அதையும் அடிச்சேன். அந்த அழகெல்லாம் நான் கொண்டுவந்தது."

டைப்பிஸ்ட் அந்தக் காகிதத்தைத் தலைவரின் மனைவியிடம் நீட்டினாள்.

"நல்ல தண்ணின்னா உப்பில்லாத தண்ணிங்க," என்று தலைவரின் மனைவி மெல்லச் சொன்னார். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்போ மீனைக் கொன்னது நீங்கதானா?"

"நான் மொழியைத் திருத்தினேன். மீனை நான் தொடவே இல்லையே."

தொட்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிம்மதியா, அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். பதினான்கு செய்திகள். 'நாளையிலிருந்து வர வேண்டாம்.' 'வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்.' 'சாவியைக் கேட்டில் கொடுத்துவிடவும்.'

மணி நாலேகால்.

"அஞ்சு மணின்னுதானே சொன்னீங்க?" என்றாள் அவள்.

தலைவர் கூரையைப் பார்த்தார். "மதியமே போட்டுட்டேன். வாசகம் நல்லா வந்திருந்தது. வெச்சுக்கிட்டு இருக்க மனசு வரலை."

டைப்பிஸ்டுக்கு நக்கல் எதுவும் வரவில்லை. அவளுக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. "இப்போ அதே குரூப்புல உண்மையைப் போடுங்க. நாங்க பார்த்துட்டு இருக்கும்போதே போடுங்க. இல்லைன்னா எங்க அறிக்கையை நாங்களே வீடு வீடா கொண்டுபோய்க் கொடுப்போம்."

தலைவர் போனை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டே தட்டினார். "'தவிர்க்கவியலாச் சூழலில் நேர்ந்த சொல்மயக்கம் காரணமாக...'"

"நிறுத்துங்க. இதைப் படிச்சா இன்னும் ரெண்டு மீன் சாகும்."

தலைவரின் மனைவி எழுந்து வந்து கணவர் கையிலிருந்து போனை வாங்கினார். கேட்டு வாங்கவில்லை, வாங்கினார். "தொட்டிக்காரரே, நீங்க சொல்லுங்க. சொல்ற மாதிரியே போடறேன்."

தொட்டிக்காரர் தன்னைப்பற்றிச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உப்புத் தொட்டில தண்ணி கொறஞ்சா நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீல டிரம்மைத் தொடக் கூடாது. இங்க மாத்தி ஊத்திட்டாங்க, அதான் மீன் செத்துச்சு."

மனைவி அப்படியே தட்டினார். அதன் கீழே தன் சொந்த வாக்கியம் ஒன்றையும் சேர்த்தார்: 'தலைவர் எழுதின தாள்தான் தப்பு, தொட்டிக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல.' தலைவரின் ஆள்காட்டி விரல் 'செத்துச்சு'வை நோக்கி நகர்ந்தது. அவர் மனைவி போனை மறுபக்கம் திருப்பி அனுப்பிவிட்டார்.

அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது. முதல் பதில் வந்தது. மனைவி உரக்கப் படித்தார்.

"'தலைவரே, நீங்க ஊருக்குப் போறப்போ கொடுத்த தாளைத்தானே நாங்களும் ஒட்டியிருக்கோம்? நாங்களும் டிரம்மைத்தான் ஊத்திட்டு இருக்கோம்.'"

அடுத்தது: 'அப்போ உப்பிலா நீர் எதுக்கு?' அதற்கு அடுத்ததில் எழுத்து இல்லை. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிற படம் மட்டும் இருந்தது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"உப்புத் தொட்டி உள்ளவங்க நம்மளோட சேர்த்து ஏழு வீடு," என்றார் தலைவர், குரல் கம்மி. "ஏழு பிரதி எடுத்தேன். டிரம்முக்கும் கேனுக்கும் ஏழு லேபிள்."

நிதானம் அந்த நாளில் முதல்முறையாக வேகமாக நடந்தார், பால்கனிக்கு. ஆனால் தொட்டிக்காரர் அவருக்கு முன்னால் அங்கே இருந்தார். அவர் போன் இப்போது விடாமல் அடித்தது. 'அண்ணே எங்க இருக்கீங்க.' 'உடனே வாங்க.' 'சாவியைக் கொடுக்க வேண்டாம், அப்படியே மேல வந்துடுங்க.' அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: வர்றேன், அதுவரைக்கும் எதையும் ஊத்தாதீங்க.

திரும்பி வந்து, சீல் உடைந்த கேனிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, ஆரஞ்சு மீன்கள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நூல் மாதிரி விட்டார். "ஒரே நாள்ல உப்பை இறக்கக் கூடாது, அதுங்க தாங்காது. காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். ஒரு வாரம் நான் தினமும் வரணும். கேட்ல சொல்லி வைங்கம்மா."

"சொல்லிடறேன்," என்றார் தலைவரின் மனைவி.

மூன்று கேன்களையும் வாசலுக்கு இழுத்து வைத்தார்கள். ஒன்றைத் தொட்டிக்காரர் தோளில் ஏற்றினார். மச்சினன் யாரும் கேட்காமலே இரண்டாவதைத் தூக்கிக்கொண்டார். அவர் முகத்தில் மட்டும் இன்னும் வருத்தம் இருந்தது. மஞ்சள் மீனுக்குத் தன் கையால் ஊற்றியவர் அவர். மூன்றாவது கேன் தரையில் நின்றது.

"சார், அந்த கேனை எடுத்துட்டு வாங்க," என்றார் தொட்டிக்காரர், தலைவரைப் பார்த்து. "மூணாவது பிளாக்ல லிஃப்ட் ஓடலை. மாடி ஏறணும்."

கேன் இல்லை, கலன் என்று சொல்லத் தலைவருக்கு வாய்வரை வந்தது. மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து கேனைத் தூக்கினார்.